வலப்பக்க விளக்கு

மச்சான்,

இன்று காலை விளக்கைச் சோதிக்கும் கருவியை வெளியே தள்ளும்போது, கைபிடியில் நீ சுற்றியிருந்த கறுப்பு டேப் கழன்று என் கையோடு வந்துவிட்டது. பசை இன்னும் காயவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உன்னோடு கதைக்க வேண்டும்போல் இருந்தது.

சுன்னாகத்துக்குக் கிட்ட நாம் இருவரும் வாகனம் திருத்தும் கராச் திறந்த இரண்டாம் வருடம் அந்தக் கருவியை வாங்கினோம். வாகனத்தின் முன்விளக்குக்கு நேரே நிறுத்தினால், ஒளியை உள்வாங்கி, அது எவ்வளவு மேலே, எவ்வளவு பக்கவாட்டில் போகிறது என்று முள் காட்டிவிடும். சில்லுகளின் காற்றழுத்தத்தைப் பார்த்து, சாரதி இருக்கையில் ஒருவரை இருத்தி, அதன் பிறகுதான் நீ விளக்கின் திருகாணியைத் தொடுவாய். எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை.

நீ உதிரிப்பாகம் எடுக்கச் சாவகச்சேரிக்குப் போயிருந்த நாளில் ஒரு வான் அவசரமாக வந்தது. புது விளக்குகளைப் பூட்டி, சுவரில் விழுந்த வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்து, காணும், இது போதும் என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, விடியுமுன் சைக்கிளில் வெங்காயம் கட்டிச் சந்தைக்குப் போன ஒரு தோட்டக்காரர், எதிரே வந்த அந்த வானின் வெளிச்சத்தில் கண் கூசி வாய்க்காலுக்குள் விழுந்தார். கால் முறிந்தது. வான்காரர் அவரை ஆசுபத்திரியில் சேர்த்துவிட்டு நேரே நம்மிடம் வந்தார். நீ கருவியைத் தள்ளிவந்து விளக்குக்கு நேரே பிடித்தாய். வலப்பக்க விளக்கு நன்றாக மேலே நின்றது. சுமை ஏற்றினால் முன்பக்கம் தூக்கும்தானே என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் வான் அப்போது வெறுமையாகத்தான் நின்றது.

அன்று பின்னேரமே என்னையும் கூட்டிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனாய். நீதான் கட்டிலருகே நின்று சொன்னாய்.

"அண்ணை, பிழை எங்கடை கராச்சிலைதான். விளக்கை உயர்த்தி வைச்சிட்டம்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ எழும்பி இருக்கப் பார்த்தார்.

"அப்ப என்ரை கண்ணிலை ஒண்டும் இல்லையோ? கண் மங்கிப்போச்சு, இனிச் சைக்கிள் ஓடேலாதெண்டெல்லோ நினைச்சுக்கொண்டு கிடந்தனான்."

"உங்கடை கண் நல்லாயிருக்கு அண்ணை. ஆர் வந்திருந்தாலும் விழுந்திருப்பினம்."

அவர் தலையணையில் சாய்ந்து சிரித்தார். கால் தேறும்வரை அவருடைய வெங்காயத்தை நாம் இருவரும்தான் சந்தைக்கு ஏற்றினோம். ஆறு மாதம் கழித்து அவர் சைக்கிளிலேயே கராச்சுக்கு வந்தார். நீ என்னை ஒருநாளும் ஏசவில்லை. நானும் உனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன கிழமை, நீ போய் முப்பத்தோராம் நாள் காரியம். சனம் போனபின் உன் மனைவியிடம் அந்தக் கதையைச் சொன்னேன். விளக்கைப் பிழையாக வைத்தவன் நான் என்றதும் அவ நிமிர்ந்து பார்த்தா.

"அதைச் செய்தது தானெண்டெல்லோ அண்ணை அவர் எனக்குச் சொன்னவர்."

வீட்டிலும் என்னைக் காட்டிக்கொடுக்காமலே இருந்திருக்கிறாய். இத்தனை வருடமும் உன் பெயரில் கிடந்த என் பிழையை அன்றுதான் திரும்ப வாங்கிக்கொண்டேன், மச்சான். இப்போது அது என்னிடம் இருக்கிறது. பாரமாகத் தெரியவில்லை.