கண்ணாடி மாட்ட ஓர் ஆணி

திருமலைராயன்பட்டினம்,
9-2-1983

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திருச்சியில் பிள்ளைகள் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே வாடகைக்கு வீடு பிடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் கண்ணாடி மாட்ட எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம் என்று என்னிடம் கேட்டிருந்தீர்களே, அதைப் படித்துத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நம் ஊர் வழக்கப்படி நீங்கள் மாப்பிள்ளையாக என் வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. வந்த மறுநாள், சட்டை மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்கு, "மாமி, இங்க அடிக்கலாமாங்க?" என்று சுத்தியலோடு என் உம்மாவின் முன்னால் நின்றீர்கள். உம்மா மவுத்தாகி இருபது வருஷமாகியும் உங்களுக்கு அந்தக் கூச்சம் போகவில்லை.

வீடு பெண்ணுக்குத்தான் போகும், நமக்குத்தான் பெண் பிள்ளை இல்லையே. வீட்டை என் தங்கை மகள் ஹாஜராவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். போன வாரம் நிக்காஹ் முடிந்து அவள் மாப்பிள்ளையும் வந்துவிட்டார். "மாமி, சட்டைய எங்கங்க மாட்டுறது?" என்று கேட்டார். உங்கள் ஆணியைக் காட்டினேன்.

சாவியையும் கொடுத்தாயிற்று. அதற்கப்புறமும் நான் அதைக் கேட்டு வாங்கி நாலு தடவை கதவைப் பூட்டித் திறந்து பார்த்ததாக ஹாஜரா எழுதினால் நம்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அது உங்கள் வீடு. நினைத்த இடத்தில் ஆணி அடித்துக்கொள்ளுங்கள். "உள்ள வரலாமா மச்சான்?" என்று இந்தத் தடவை வாசலில் நின்று நான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு வரும் புதுப்பெண்