மூன்று தட்டு, இரண்டடி பின்னால்

செப்டம்பர் 3, புதன்

கிடைத்துவிட்டது! சம்பளம் கிடையாது, கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை உண்டு: ‘வழிகாட்டி’. வெளிநாடுகளிலிருந்து இந்தப் பல்கலைக்கழகத்தில் வந்து இறங்கியிருக்கும் புது மாணவர்களில் ஏழு பேர் இனி என் பொறுப்பு. போன வருஷம் இதே மாதம் இப்படியே வந்து இறங்கி, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தவள் நான். கண்ணாடி முன்னால் நின்று அட்டையை நாலு தரம் மாட்டிக் கழற்றினேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “நீயே ரெண்டு தெரு தாண்டினா வழி கேட்டுக்கிட்டு நிப்பே. நீ வழிகாட்டியா?” பெற்ற தாய்!

செப்டம்பர் 5, வெள்ளி

நானே எழுதிய பத்து விதிகளை நகலெடுத்து ஏழு பேருக்கும் கொடுத்தேன். யாராவது ‘எப்படி இருக்கீங்க’ என்றால் முதுகுவலியிலிருந்து ஆரம்பிக்காதே, இப்படி. நான்காவதுதான் என் பெருமை: கதவைச் சத்தமாக மூன்று முறை தட்டு, தட்டியதும் இரண்டடி பின்னால் போய் நில். இந்த ஊர் மரியாதை. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, என் பேராசிரியரின் அறை வாசலில் நானாகவே கண்டுபிடித்தது. முதல் தட்டுக்குப் பதில் வராது, இரண்டாவதுக்கும் வராது, மூன்றாவதுக்குத்தான் “வாங்க”. அங்கே காத்திருப்பவர்கள் எல்லோருமே தட்டிவிட்டு இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். ஒரு வருஷமாக எல்லாக் கதவுகளிலும் கடைப்பிடிக்கிறேன். ஏழு பேரில் உயரமானவன் அதற்கு மட்டும் இரண்டு கோடு போட்டுக்கொண்டான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஏழு பேரில் ஒருத்திக்கு மட்டும் என் பாஷை. வந்து பத்து நாளாகியும் துணிகளை அலமாரியில் வைக்கவில்லை. கட்டிலருகே பெட்டி நிற்கிறது, அதிலிருந்து சட்டை சட்டையாக உருவிப் போட்டுக்கொள்கிறாள். மனசுக்குள் அவளுக்குப் ‘பெட்டி’ என்றே பேர் வைத்துவிட்டேன்.

“முப்பதாம் தேதி வரைக்கும் பேரை வாபஸ் வாங்கலாமாம்க்கா. ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன். இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியுது. நான் மட்டும் முட்டாளாட்டம் நிக்கிறேன்.”

இன்னும் மூன்று விதிகள் எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அவள் போகக்கூடாது. எப்படியாவது இருந்துவிட வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வளாகம் முழுக்க டொம் டொம் டொம்! நூலகத்தில், பல் டாக்டரிடத்தில், எங்கும் என் பிள்ளைகள்தான். உயரமானவன் மருந்துக்கடையின் தானியங்கிக் கண்ணாடிக் கதவைத் தட்டினானாம். திறந்ததாம். விதிப்படி இரண்டடி பின்னால் போனானாம். மூடிக்கொண்டதாம். மறுபடி தட்டினானாம்.

எவ்வளவு ஒழுங்கான பையன்!

செப்டம்பர் 17, புதன்

மானம் கப்பலேறிவிட்டது.

துறை அலுவலகத்து மேடம் கூப்பிட்டு அனுப்பினார். “உங்க ஆளுங்க ஏம்மா கதவை இந்த இடி இடிக்கிறாங்க? போலீஸ் வந்துடுச்சோன்னு பயந்துட்டேன்.” நான் பெருமையாகப் பேராசிரியர் கதையைச் சொன்னேன். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“அவருக்கு ஒரு காது கேக்காதும்மா.”

“அப்போ அந்த இரண்டடி?”

“அந்தக் கதவு வெளிப்பக்கமா திறக்கும். நிக்கிறவங்க மூஞ்சில அடிச்சுடும்.”

ஐயோ. ஐயோ ஐயோ. ஒரு வருஷம்! எத்தனை கதவு! மாடி வீட்டுக்காரங்க, வங்கி மேனேஜர் — ஒரு மனுஷனோட காதையும் ஒரு கதவோட கீலையும் சேர்த்து ஊர்ப் பண்பாடுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேனே! இதை எப்படி அந்த ஏழு பேர்கிட்ட சொல்றது? பெட்டி நாளைக்கே கிளம்பிடுவாளே!

செப்டம்பர் 18, வியாழன்

சொல்லிவிட்டேன். அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் விக்கல் மாதிரி ஒரு சத்தம். பெட்டி! இதுவரை பல்லைக்கூடக் காட்டாதவள், நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

“அப்போ உங்களுக்கும் ஒண்ணும் தெரியாதாக்கா?”

“தெரியாதுடி.”

“ஒரு வருஷமாவா?”

“ஒரு வருஷமா.”

அவ்வளவுதான், ஆளாளுக்குத் தங்கள் கூத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பொதுச் சமையலறை பிரிட்ஜில் இருப்பதெல்லாம் எல்லோருக்கும் என்று நினைத்து, யாருடையதென்றே தெரியாத தயிரைப் பெட்டி இரண்டு வாரமாகச் சாப்பிட்டு வருகிறாளாம். “அது என் தயிர்!” என்று அலறினான் உயரமானவன். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. போகும்போது அவனே அட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டான்.

செப்டம்பர் 29, திங்கள்

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குப் பயம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வாபஸ் வாங்க மாலை ஐந்து மணிவரை நேரம். மதியத்திலிருந்து ஒரு பக்கம்கூடப் படிக்க ஓடவில்லை.

நாலரைக்கு என் கதவில் டொம். டொம். டொம்.

திறந்தேன். சரியாக இரண்டடி பின்னால், கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி பெட்டி.

“அக்கா, ஹேங்கர் இருக்கா? ஒரு பத்து பன்னெண்டு வேணும்.”

ஒன்பதுதான் இருந்தது. என் துணிகளை எல்லாம் கட்டிலில் உதறிவிட்டு ஒன்பதையும் கொடுத்தேன்.