கறுவல் விட்ட செருப்பு

இன்று காலை, வயலில் காவல் இருக்கும் வாடிக்குள் கீரிக் கருவாடு சுடும் மணம் எழும்பியதும் உங்களோடு கதைக்க வேண்டும் போல வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால், "பசிக்குது புள்ள, கெதியாக் கொண்டா" என்று வரம்பில் நின்றே கத்தியிருப்பீர்கள். இந்தக் கருவாடு எனக்கும் இல்லை, மருமகனுக்கும் இல்லை. உப்புப் போகக் கழுவிச் சுட்டது கறுவலுக்கு.

கறுவலை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மௌத்தாகி, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் நான் வீட்டுக்குள் இருந்த மாதங்களில் பன்றி வந்து நம்முடைய வேளாண்மையை உழக்கிப்போட்டது. காவலுக்கென்று மருமகன்தான் நாவிதன்வெளியிலிருந்து இந்த நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார். இத்தா முடிந்து நான் வாடிக்கு வந்தபோது, அது தன் சோற்றுக் கோப்பைக்கு மேல் கவிழ்ந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. அது போதாதென்று உங்கள் வயல் செருப்பில் ஒன்றையும் மூலைக்கு இழுத்துக்கொண்டு போய், யாராவது கிட்டப் போனால் பல்லைக் காட்டியது.

"மாமி, இது சரிவராது. புள்ள ஓடித் திரியிற இடம். இன்னும் இப்பிடித்தான் நிண்டா உரப்பைக்குள்ள போட்டுக் கொண்டுபோய்ப் பொத்துவில் பக்கம் விட்டுட்டு வந்துருவன்" என்றார் மருமகன். அவரிலும் பிழையில்லை. பேத்தியை நினைத்தால் எனக்கும் பயம்தான்.

"கொஞ்சம் பொறுங்க மகன். அதுவரைக்கும் புள்ளயக் கூட்டி வராதீங்க. நான் திருத்திக் காட்டுறன்" என்றேன். சொன்ன பிறகு விட முடியுமா?

உங்கள் வழி எனக்குத் தெரியும். முந்தி நம்மிடம் நின்ற சிவலை நாய் குட்டியாக இருந்தபோது, "ஆரு பெரிசெண்டு காட்டோணும்" என்று அது தின்னத் தின்னக் கோப்பையை இழுத்தீர்களே! கையைக் கவ்வியது. நாயின் எச்சில் பட்டதற்காக வாய்க்காலில் மண் போட்டு ஏழு தரம் கழுவிக்கொண்டே அதற்கு ஏசினீர்கள். நான் வயிறு நோகச் சிரித்தேன் என்று பின்னேரம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள். சிவலை சாகும்வரைக்கும் கோப்பைக்குப் பக்கத்தில் ஒருவரையும் விடவில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம் என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதும் இல்லை.

மருமகனைக் கவனித்துப் பார்த்தேன். நாயின் எச்சில் பட்டுவிடும் என்று அவர் தடியால் கோப்பையை இழுப்பார், தடியால் தட்டிச் செருப்பைப் பறிப்பார். ஆள் வந்தால் இருப்பது போகும் என்றுதான் குட்டி படித்திருக்கிறது. நான் அந்தத் தடியை முறித்து அடுப்பில் வைத்தேன்.

அது தின்னும்போது எட்டி நின்று ஒரு துண்டுக் கருவாட்டை எறிவேன். திரும்பிப் பார்க்காமல் போய்விடுவேன். உறுமினால் ஏச மாட்டேன், கிட்டப் போகவும் மாட்டேன். நாள் போகப் போக, நான் வந்தால் கருவாடு வரும் என்று அதற்குப் பிடிபட்டது. என் காலடி கேட்டாலே வாலை ஆட்டத் தொடங்கியது. எச்சிலும் படவில்லை, பல்லும் படவில்லை.

செருப்புத்தான் லேசில் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அதைப் பறிக்க எனக்கும் கை துடித்தது. உங்கள் உடுப்பெல்லாம் கொடுத்தாகிவிட்டது. மிஞ்சியது அந்தச் செருப்புத்தான். நேற்றுத்தான் கறுவல் அதைத் தானாக விட்டுவிட்டு என் கையைப் பார்த்து ஓடிவந்தது. கருவாட்டைத் தூரப் போட்டுவிட்டுச் செருப்பை எடுத்தேன். கழுவ வேண்டியதைப் பிறகு கழுவிக்கொள்ளலாம். உங்கள் குதிக்கால் பட்ட இடம் பள்ளமாக இருந்தது. அழுதேன். வைத்துக்கொள்ளத்தான் மனசு கேட்டது. ஆனாலும் குட்டியிடமே திருப்பிப் போட்டேன். திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால்தானே நாளைக்கும் விடும்.

இன்று மருமகன் வெறுங்கையோடு வந்தார். சுட்ட கருவாட்டை அவரிடம் கொடுத்தேன். எறிந்தார். கறுவல் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கி அவருக்கும் வாலை ஆட்டியது.

"ஓம் மாமி, நிக்கட்டும்" என்றார்.

"புள்ளய இப்பவே கிட்ட விடாதீங்க. இன்னும் வேல கிடக்கு" என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால், "நாய்க்குச் செல்லம் குடுத்துக் கெடுக்கிறாய்" என்று சண்டைக்கு வந்திருப்பீர்கள். அந்தச் சண்டையை இப்போது உங்கள் பக்கமும் என் பக்கமும் நானே பிடித்துக்கொண்டு வரம்பில் நடக்கிறேன். குட்டியையும் விடமாட்டேன், வயலையும் விடமாட்டேன். இந்த முறை நான்தான் சரி. அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.