தொப்பியில் ஒரு கொத்து ரோய்ட்

மலையில் ஒளிந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

சதுப்பில் ரோய்ட் செடி இந்த வருடம் முழங்கால் உயரம் வளர்ந்து மணக்கிறது. கொஞ்சம் படுக்கையில் பரப்பினேன், தெள்ளுப்பூச்சி ஓடிவிட்டது. பீரிலும் போட்டுக் காய்ச்சியிருக்கிறேன். குடிக்கத்தான் ஆள் இல்லை.

அன்று ரத்தம் சொட்டும் தொப்பியை என் மடியில் எறிந்து, "பாருடி, தெற்குக் குலத்தான் ஒருத்தன் மண்டையப் பொளந்துட்டேன்! அவனுங்க செடியச் செருகியிருக்கான் பாரு!" என்று சிரித்தீர்கள். என் முகத்தைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. அன்றிரவே மலைக்கு ஓடிவிட்டீர்கள்.

சண்டைக்குப் போகையில் குல அடையாளமாக அவர்கள் ரோய்ட் செருகுவார்கள், நாம் ஹெதர் பூ செருகுவோம். சரிதான். ஆனால் அந்தத் தொப்பி நான் பின்னியது. என் தம்பி லாக்லன் சண்டைக்கா போனான்? மாடு மேய்க்கப் போனான். "அக்கா, கொசு பிச்சு எடுக்குது" என்றுதான் அந்தக் கொத்தைச் செருகிக்கொண்டான். பனிமூட்டத்தில், பின்னாலிருந்து கோடரியை இறக்கினீர்கள். "மச்சான்" என்று கூப்பிடக்கூட அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை.

நாளை நம் ஆட்கள் மலையேறுகிறார்கள், பதுங்கியிருக்கும் தெற்கத்தியாரை வெட்டிப்போட. நீங்கள் அங்கே இருப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மலையிலும் கொசு அதிகம். இதோடு ஒரு கொத்து ரோய்ட் அனுப்பியிருக்கிறேன். தொப்பியில் செருகிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா