ஆணியில் இருந்த ரொட்டி

சூஸ்த்,
ஏப்ரல் 9

என் மகன் மிர்ஸோஹிதுக்கு அப்பா எழுதுவது.

உன் அம்மாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். கொரியாவில் நீயும் அப்படியே இருக்க இறைவன் துணை. அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. தொலைபேசியில் நீ பேசுவதே இரண்டு நிமிடம். அதில் ஒன்றரை நிமிடம் உன் அம்மாவுக்குப் போய்விடுகிறது. பக்கத்து வீட்டு சத்தோர் மறுபடியும் அங்கே வேலைக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அறையில் இப்போது ஒரு பெண் தங்கியிருக்கிறாள். பெயர் போரம். கொரியாக்காரி, வயது இருபத்து நான்கு. சம்பளம் வாங்காமல் சேவை செய்ய வந்தவளாம். உன்னைப் போல் அங்கே போகத் துடிப்பவர்களுக்குக் கல்லூரியில் கொரிய மொழி சொல்லிக் கொடுக்கிறாள். வீட்டில் தங்க வைத்துக்கொள்ள முடியுமா என்று கல்லூரியிலிருந்து கேட்டு வந்தார்கள். "எம்புள்ளைக்கு அங்க எவளோ ஒருத்தி சாப்பாடு போடுறா. அவ புள்ளைக்கு நான் போடுறேன்" என்று உன் அம்மா ஒப்புக்கொண்டாள். என்னை யார் கேட்டார்கள்?

வந்த அன்று தெருவே கூடிவிட்டது. கட்டியிருந்த ஆட்டைத் தவிர எல்லோருக்கும் அவள் குனிந்து வணக்கம் சொன்னாள். "கல்யாணம் ஆச்சா? ஏன் ஆகல?" என்று பெண்கள் துளைக்க, சத்தோர் மொழிபெயர்த்தே களைத்துப் போனான். தட்டில் மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று அவள் புலாவை வழித்துச் சாப்பிட்டாள். தட்டு காலியானால் நாம் விடுவோமா? மூன்று தடவை நிரப்பினோம். பாவம், நான்காவது தடவை தட்டையே கையால் மூடிக்கொண்டாள். ஒரு துண்டு ரொட்டியை மட்டும் விட்டுவிட்டாள். உன் அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, தேநீரில் தோய்த்துத் தின்று காட்டினாள். "என்ன வேணா வீணாக்கு கண்ணு, ரொட்டிய வீணாக்காத" என்றாள். அந்தப் பெண் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலமானால் திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து தன் அம்மாவிடம் பேசுவாள், சிரிப்பாள். பேச்சு முடிந்ததும் சுவரைப் பார்த்தபடி அப்படியே இருப்பாள். ஊர் பிடிக்கவில்லையா என்று சத்தோரை விட்டுக் கேட்டேன். "எல்லாரும் சாப்டியான்னு கேக்குறாங்க. சாப்ட்டேன்னு சொன்னதும் பேச்சு முடிஞ்சிருது. அதுக்கு மேல எங்கிட்ட வார்த்தை இல்ல" என்றாளாம்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை, நமக்கு நன்றி சொல்வதாக நினைத்து அவளே எழுந்து பால் தேநீர் போட்டு, ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தாள். நானும் இரண்டு கிண்ணம் குடித்தேன். பிறகு உன் அறைச் சன்னலைத் திறக்கப் போன உன் அம்மா போட்ட சத்தத்தில் கிண்ணம் என் கையிலிருந்து விழுந்தது. உன் கட்டிலுக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது. நீ கிளம்பிய அன்று வாசலில் ஒரு கடி கடித்துவிட்டுக் கொடுத்த ரொட்டி, மீதியை நீ திரும்பி வந்துதான் தின்ன வேண்டும் என்று நான்கு வருடமாக அவள் காத்து வைத்த ரொட்டி, எங்கள் வயிற்றில் இருந்தது. யாரோ மறந்துவிட்ட காய்ந்த ரொட்டி, வீணாகக் கூடாது என்று அந்தப் பெண் எடுத்திருக்கிறாள்.

"எம்புள்ள திரும்பி வர்ற வழிய நாமளே தின்னுட்டோமே!" என்று உன் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தோர் ஓடி வந்து விஷயத்தை விளக்கியதும் அந்தப் பெண்ணின் முகத்தில் இரத்தமே இல்லை. இரண்டு நாள் உன் அம்மா மாவையே தொடவில்லை. அந்தப் பெண் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், சமாதானம் பேசலாம் என்று சத்தோரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் அவள் அறைக்குப் போனோம். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் முகம் தெரிந்தது. கண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது, குரலில் மட்டும் நடுக்கமே இல்லை. என்ன சொல்கிறாள் என்று உன் அம்மா கேட்டாள். சத்தோர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நல்லா இருக்கேம்மா, வேளாவேளைக்குச் சாப்பிடுறேன், எல்லாரும் பிரியமா இருக்காங்கன்னு சொல்லுது."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ எங்களிடம் சொல்வதும் இதுதான், மகனே.

"அவங்கம்மாவும் நம்பியிருப்பா, நான் நம்புன மாதிரி" என்று சொல்லி உன் அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் தன் கையாலேயே அலமாரியில் அடுக்கினாள். இப்போது இருவரும் ஒன்றாகத்தான் மாவு பிசைகிறார்கள்.

புது ரொட்டி ஒன்றைச் சத்தோரிடம் கொடுத்தனுப்பி, நீ கடித்துத் திருப்பி அனுப்பினால் மறுபடி மாட்டலாம் என்கிறாள் உன் அம்மா. நான் வேண்டாம் என்றுவிட்டேன். உன்னைத் திரும்பி வா என்று கூப்பிட வேண்டிய என் வேலையை அந்த ரொட்டி நான்கு வருடம் செய்தது போதும். நீ வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போதெல்லாம் "உன் இஷ்டம்பா" என்றேன். அது பொய். எனக்கு அதில் இஷ்டமே இல்லை. நீ இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

அங்கே நீ எந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. கொண்டுவர ஒன்றும் இல்லையே என்று தயங்காதே. வெறுங்கையோடு வா. வர முடியாவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, நன்றாக இல்லை என்றாவது சொல். இறைவன் உன் வழியைத் திறந்து வைக்கட்டும்.

உன் அப்பா,
எர்கின்