விளிம்பு வளைந்ததா?

என் சண்டைக்காரிக்கு,

இன்று தனியாக நம் மலைக்குப் போனேன். நெருக்குண்டு நெளிந்த நிலத்துக்குள் உருகிய குழம்பாக ஏறிவந்த கருங்கல் தனக்கு எப்படி இடம் பிடித்தது என்று பாறை ஆராய்ச்சிக்காரர்கள் நாம் இருவரும் கல்யாணமான நாளிலிருந்து மல்லுக்கட்டுகிறோமே, அந்த விளிம்பைத் தேடித்தான். பக்கத்துப் பாறையை ஒதுக்கித் தள்ளியது என்பது உன் கட்சி. அப்படியென்றால் அந்தப் பாறையின் வரிகள் வளைந்திருக்க வேண்டும். விழுங்கிக்கொண்டே வந்தது என்பது என் கட்சி.

வரிகள் நேராக வந்து அறுந்து நிற்கின்றன. நான்தான் ஜெயித்தேன். ஜெயித்து என்ன, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று டாக்டர் உன் வயிற்று ஸ்கேனைக் காட்டினார். அவர் வாய் திறப்பதற்குள் என் கண் பழக்கதோஷத்தில் கட்டியின் விளிம்புக்குப் போய்விட்டது. வார்டுக்கு வந்ததும் நீ கேட்டாய்: "ஓரம் வளைஞ்சிருக்கா?"

"நல்லாவே வளைஞ்சிருக்கு. ஒதுக்கித் தள்ளிட்டுதான் வளர்ந்திருக்கு. சுலபமா எடுத்துடலாம்."

நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்தாய்.

இத்தனை வருஷத்தில் நான் உன் கட்சிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதிலேயே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று யோசிக்காமல் போனேனே.

உன் கல்லுளிமங்கன்