முதுகும் கண்ணும் இதயமும்

அண்ணை,

கண்ணுக்கு விட்ட மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசக்கிறது. வலக்கண் இரத்தச் சிவப்பு. வெளிச்சம் பட்டால் குத்துகிறது. யன்னல் சீலையை இழுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் அப்போதெல்லாம் இப்படி வரும். துவாயால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "தூசு விழுந்திட்டுது" என்பீர்கள். வருசத்துக்கு இரண்டு தரம் ஒரே கண்ணில் தூசு விழுமா என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

சுவிசுக்கு வந்தபின் பாடன் நகரில் உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நிற்பீர்கள், முதுகு பேசாமல் இருக்கும். லீவு நாளில் படுத்தெழும்பினால்தான் பலகையாய் விறைக்கும். "ஞாயிற்றுக்கிழமை என்ரை முதுகுக்கு ஒத்துவராது" என்று லிம்மாட் ஆற்றங்கரையில் நடக்கப் போவீர்கள். வேலைப்பைத்தியம் என்று நான் பகிடி பண்ணினேன். ஓய்வில் கூடி, நடக்கக் குறைவதுதான் முள்ளந்தண்டை இறுக்கும் அந்த நோயின் குணம் என்று இப்போது தெரிகிறது.

டாக்டரிடம் உங்களுக்காக மொழிபெயர்க்க வந்தவள் நான். கண்ணில் பிரச்சினை உண்டா, குடும்பத்தில் யாருக்கும் இப்படி இருந்ததா என்று கேட்டார். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "இல்லையெண்டு சொல்லு. முதுகுக்குத்தானே வந்தனாங்கள். வீட்டில குமர் வளருது, பரம்பரை வருத்தம் எண்டு கதை வரக்கூடாது." அப்பா கூனிப்போனது எனக்கும் தெரியும். இருந்தும் பிழையில்லாத ஜெர்மனில், இரண்டுக்கும் இல்லை என்றேன். முதுகு நோவுக்கான மாத்திரையோடு வீட்டுக்கு வந்தோம். உங்கள் இதய வால்வு ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தபோது பிந்திவிட்டது. எல்லாம் ஒரே வருத்தத்தின் வேலை என்றார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பீர்களோ தெரியாது. இதயத்தையாவது நேரத்தோடு பார்த்திருப்பார்கள். அதற்கு நான் என்னை மன்னிக்கவில்லை.

இப்போது என் இரத்தத்தில், இந்த வருத்தக்காரரிடம் காணப்படும் பி27 என்ற மரபணு அடையாளம் இருக்கிறதாம். அது இருக்கிற எல்லாருக்கும் வருத்தம் வராது என்றார் கண் வைத்தியர். சரி. ஆனால் உங்கள் மகளுக்கு விடிய எழும்பினால் குனிய முடியவில்லை. அவளுக்கு ரெனான் ஊரிலிருந்து சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. "கலியாணம் முடியட்டும், பிறகு டாக்டரிட்டைக் காட்டுவம்" என்றார் அண்ணி.

முடியாது என்றேன். நாலு நாளாக அண்ணி என்னோடு கதைப்பதில்லை. பரவாயில்லை.

நேற்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உங்கள் மகளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவளுக்கு என்னைவிட நல்ல ஜெர்மன், நான் தேவையில்லை. ஆனாலும் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதும் நானே சொன்னேன். உங்கள் முதுகு, கண், வால்வு, அப்பாவின் கூன், என் கண். ஒன்றையும் விடவில்லை.

வெளியே வந்ததும் அவள் மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தாள். "இரத்தம் குடுத்திட்டு வாறன். அப்பாவுக்கு இருந்த வருத்தம் எனக்கும் இருக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். பஸ் தரிப்பிடத்தில் நாலைந்து பேர் நின்றார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் தமிழ் ஆட்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

உங்களுக்காக நான் சொன்ன 'இல்லை' சாகும்வரை என்னோடு இருக்கும், அண்ணை. அவளிடம் அதைப் போக விடமாட்டேன்.